எட்டுக்கு நாற்பத்திரண்டு

பறவை பார்க்கத் தொடங்கும் எவரும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் ஒரு கேள்விக்கு வந்து சேர்ந்துவிடுகிறார்கள். "பட்ஜெட்ல ஒரு நல்ல பைனாகுலர் சொல்லுங்களேன்." கேட்பவர் இதை ஒரே கேள்வி என்று நினைத்துக் கேட்கிறார். உள்ளே இரண்டு இருக்கின்றன. பறவையைப் பார்க்க எவ்வளவு போதும் என்பது ஒன்று. எனக்கு எவ்வளவு போதும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒளியியல் ஏறக்குறைய முழுப் பதிலும் சொல்லிவிடும். இரண்டாவதைத் தனியாக எடுத்து யாரும் கேட்டுக்கொள்வதில்லை. முதலாவதன் பதிலைக் கொஞ்சம் இழுத்து நீட்டி அதை மூடிவிடுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம்.

இருநோக்கியின் மேல் 8×42 என்று அச்சிட்டிருக்கும். 8 என்பது உருப்பெருக்கம். எண்பது மீட்டர் தள்ளி நிற்கும் நாரை, பத்து மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். 42 என்பது முன்பக்க வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வரும். கண்ணருகே வைக்கும் பக்கத்திலிருந்து வெளியேறும் ஒளிக்கற்றையின் விட்டம் அது. கருவியைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கித் திருப்புங்கள். கண்வில்லைக்கு நடுவே சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் மிதக்கும். அதுதான் இது.

இனி நம் கண். பகல் வெளிச்சத்தில் கண்பாவை இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். நல்ல இருட்டில், இளம் வயதில், ஏழு வரை விரியும். வயது ஏற ஏற அந்த விரிவு குறையும். அப்படியென்றால் காலை ஒன்பது மணிக்கு ஏரிக்கரையில் நிற்கும்போது, 5.25 மில்லிமீட்டர் கற்றையில் பெரும்பகுதி பாவைக்கு வெளியே விழுந்து வீணாகிறது. அந்த மிச்சத்துக்கும் வேலை உண்டு. விடிகாலையிலும் அந்தியிலும் அது கைகொடுக்கும். கை சற்று நகர்ந்தாலும் காட்சி கறுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் மேல் பெரிய வில்லை வாங்கினால் கழுத்துக்குத்தான் சுமை. நாம் வாங்குகிற பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு, 'இதற்கு மேல் உனக்கு உபயோகம் இல்லை' என்று உடம்பு கோடு கிழிப்பதில்லை. இதற்குக் கிழிக்கிறது.

உருப்பெருக்கத்துக்கும் அப்படி ஒரு கோடு உண்டு. பறவையை எட்டு மடங்கு பெரிதாக்கும் கருவி நம் கைநடுக்கத்தையும் எட்டு மடங்கு ஆக்கும். 12, 16 என்று ஏறினால் பறவை கிளையில் உட்கார்ந்திருக்கும், கிளை உங்கள் நாடித்துடிப்புக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருக்கும். பெருக்கம் கூடும்போது காட்சியின் அகலமும் குறையும். 8 மடங்கு கருவி ஒன்றில் 1000 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 110 முதல் 140 மீட்டர் அகலம் தெரியும். புதருக்குள் ஓடும் தையல்சிட்டைப் பிடிக்க அந்த அகலம் வேண்டும். குறுகிய காட்சியில் இலையைத்தான் தேடிக்கொண்டிருப்போம்.

அடுத்தது பூச்சு. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் ஒளி நுழையும்போதும் வெளியேறும்போதும், ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதம் திரும்பிப் போய்விடும். பூச்சில்லாத பத்துப் பரப்புகளைக் கடந்தால் மிஞ்சுவது 66 சதவீதம்தான். 1935-ல் ஸைஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்ஸாண்டர் ஸ்மகுலா இந்த இழப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று எட்டாயிரம், பத்தாயிரம் ரூபாய்க் கருவியிலும் அதன் வாரிசுகள் இருக்கின்றன. பெட்டியில் 'ஃபுல்லி மல்டிகோட்டட்' என்று போட்டிருந்தால் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு என்று பொருள். வெறும் 'கோட்டட்' என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஏதோ ஒரு பூச்சு.

கடைசியாக முப்பட்டகம். இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ 1854-ல் காப்புரிமை பெற்ற வடிவம்தான், தோள் அகன்ற பழைய மாதிரி பைனாகுலர்களில் இன்றும் இருக்கிறது. நேர்க்குழாயாக ஒல்லியாக இருப்பவை 'ரூஃப்' வகை. அதன் முப்பட்டகத்தை மிகத் துல்லியமாகச் செய்தாக வேண்டும். போதாததற்கு, ஒளி அலைகளின் கட்டத்தைச் சரிசெய்ய இன்னொரு பூச்சும் வேண்டும். போர்ரோவுக்கு அது தேவையில்லை. அதனால் குறைந்த விலையில் ஒரே பணத்துக்கு, பெரும்பாலும் போர்ரோதான் தெளிவான காட்சி தரும். பதிலுக்குக் கொஞ்சம் பருமனையும், மழையில் கூடுதல் கவனத்தையும் கேட்கும்.

ஆக 8×42 அல்லது 8×40, முழுப்பூச்சு, முடிந்தால் போர்ரோ. மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால், கண்வில்லையிலிருந்து குறைந்தது 15 மில்லிமீட்டர் தள்ளிக் கண்ணை வைத்தாலும் முழுக் காட்சி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எட்டாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் நிக்கான், செலஸ்ட்ரான் போன்ற நிறுவனங்களின் கருவிகள் இப்படிக் கிடைக்கின்றன. முதல் கேள்வி இங்கே முடிந்தது.

*

இரண்டாவது கேள்விக்கு வருமுன் கீழ் எல்லையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இது சிக்கனத்துக்கு வாழ்த்துப்பா ஆகிவிடும்.

சுற்றுலாத் தலங்களிலும் இணையத்திலும் ஆயிரம் ரூபாய்க்குள் சிவப்புக் கண்ணாடி மினுங்கும் பைனாகுலர்கள் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றில் இரண்டு குழாய்களும் ஒரே திசையில் பார்ப்பதில்லை. இரு கண்ணுக்கும் வரும் வெவ்வேறு காட்சிகளை மூளை இழுத்துப் பிடித்து ஒன்றாக்கப் பார்க்கும். பத்து நிமிடத்தில் தலை வலிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடையில் கல்லூரி மாணவி ஒருவர் அப்படி ஒன்றோடு வந்திருந்தார். யாராவது பறவையைக் காட்டும்போதெல்லாம் கருவியைத் தூக்கிப் பார்த்து, "தெரியுது, தெரியுது" என்பார். ஒரு மணி நேரம் கழித்து யாரோ தங்களுடையதை நீட்டினார்கள். வாங்கிப் பார்த்தார். நீண்ட நேரம் ஒன்றுமே சொல்லவில்லை. பிறகு, "நான் எனக்குத்தான் பார்க்க வரலன்னு நெனச்சேன்" என்றார்.

மோசமான கருவி செய்யும் அநியாயம் இதுதான். தன் குறையைத் தன்னைப் பயன்படுத்துபவரின் குறையாக மாற்றிவிடும். கருவி சரியில்லை என்று சொல்ல நல்ல கருவியைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவர், இந்தப் பொழுதுபோக்கு தனக்கானதில்லை என்று முடிவு கட்டி வீட்டுக்குப் போய்விடுவார். போதுமென்ற மனம் பற்றி நம்மிடம் பழமொழி இருக்கிறது. அதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்தால், பெரும்பாலும் இருப்பவர் இல்லாதவரிடம் சொல்வதாகவே இருக்கும். பள்ளிக்குப் பைனாகுலர் வாங்கித் தரும்போது, "பசங்களுக்குத்தானே, இது போதும்" என்று பொம்மையை வாங்குவதும் அதே வகைதான். சின்னக் குழந்தைகளின் கண்கள் நெருங்கி இருப்பவை. எத்தனை நெருக்கமாக மடக்க முடியும் என்று பார்க்காமல் வாங்கினால் குழந்தைக்குத் தெரியப்போவது இரண்டு தனித்தனி வட்டங்கள்.

அடுத்தவருக்குப் போதும் என்று அவர் சார்பில் நாம் தீர்மானிப்பதில் அறம் எதுவும் இல்லை. கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளும்போதுதான் அது தொடங்குகிறது.

*

மறுகோடியில் இரண்டு லட்சத்தைத் தாண்டும் கருவிகள் இருக்கின்றன. ஸ்வரோவ்ஸ்கி, ஸைஸ், லைக்கா. நண்பர் ஒருவருடையதை வாங்கி அந்தி நேரத்தில் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது, வித்தியாசம் தெரிந்தது. வட்டத்தின் ஓரம்வரை கூர்மை. வானத்துக்கு எதிராக உட்கார்ந்திருந்த மீன்கொத்தியின் விளிம்பில் ஊதா நிறக் கசிவு இல்லை. என் கருவியில் நாணல் வெறும் நிழலாகிவிட்ட பிறகும் அதில் தாழைக்கோழியின் அலகுச் சிவப்பு தெரிந்தது. பதினைந்து, இருபது மடங்கு விலைக்கு இதெல்லாம் சிறிய முன்னேற்றம் என்று சொல்லலாம். அந்த வாதம் எனக்குப் போதவில்லை. இசைக் கலைஞர் தன் கருவியின் கடைசித் துளி நாதத்துக்காகக் கொடுக்கும் விலையை யாரும் வீண் என்பதில்லை. ஆண்டில் பாதி நாள் களத்தில் கணக்கெடுக்கும் ஆய்வாளருக்கு அந்த அந்திநேர வெளிச்சம் தேவையாகவே இருக்கலாம்.

ஆகவே விலையை வைத்து மட்டும் தப்பு, சரி சொல்ல முடியாது. அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பறவையை அறிவது என்றால் பெரும்பாலும் அதைச் சுடுவது. ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1885-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த இந்தியப் பறவைத் தோல்களும் பிற சேகரிப்புகளுமாக மொத்தம் 75,000-க்கும் மேல். காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான். சாலிம் அலியின் பறவை வாழ்க்கையே, சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்றிலிருந்துதான் தொடங்கியது. இவர்களைக் கொலைகாரர்கள் என்று இன்று சொல்வது எளிது. கையில் வைத்துப் பார்க்காமல் இனம் பிரிக்க அவர்களுக்கு வேறு வழி குறைவாக இருந்தது. இங்கிலாந்தில் எட்மண்ட் செலூஸ் 1901-ல் 'பேர்ட் வாட்ச்சிங்' என்ற தலைப்பில் நூல் எழுதினார். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுங்கள் என்று வாதாடியவர் அவர். 1934-ல் ரோஜர் டோரி பீட்டர்சனின் களக் கையேடு, தூரத்திலிருந்தே தெரியும் அடையாளங்களைக் கொண்டு பறவையைப் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தது. கண்ணாடியும் கையேடும் சேர்ந்து, பறவையைத் தொடாமலே அறிவதைச் சாதாரண மனிதருக்கும் சாத்தியமாக்கின.

இதை நினைக்கும்போது பைனாகுலர் ஒரு விசித்திரமான கருவி என்று தோன்றுகிறது. துப்பாக்கி தோலைக் கொடுத்தது. கேமரா படத்தைக் கொடுக்கிறது. பைனாகுலர் எதையும் கொடுப்பதில்லை. கீழே இறக்கியதும் கையில் ஒன்றும் மிஞ்சாது. பார்த்தோம், போய்விட்டது. அவ்வளவுதான் அதன் விளைபொருள்.

ஒன்றும் மிஞ்சாததை மனசு அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. பறவையை வைத்துக்கொள்ள முடியாது என்றானதும், அந்தப் பிடிமானம் கருவிமேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. மென்பொருள் வேலையில் இருக்கும் எங்களுக்கு இது நன்றாகத் தெரிந்த நோய். எதை வாங்குவதென்றாலும் ஸ்ப்ரெட்ஷீட் போடுவோம். எடை, காட்சி அகலம், ஒளி கடத்தும் சதவீதம், விலை. பத்து வரிசை ஒப்பிட்டு முடிக்கும்போது மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும். அந்த மூன்று காலையிலும் பறவைகள் ஏரியில்தான் இருந்தன. ஏரிக்கரையில் கூடும்போதும் கண் முதலில் போவது அடுத்தவர் கழுத்தில் தொங்குவதன்மீது. தோல்களை எண்ணிச் சேர்த்த அதே கை, இப்போது கண்ணாடிகளை எண்ணுகிறது.

*

செங்கல்பட்டு பக்கம் ஓர் ஏரி. பெயர் வேண்டாம். கரையில் நான்கு பேர் நின்று உள்ளான்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"சர்வேக்கு வந்தீங்களா தம்பி?"

"இல்லைங்கய்யா. பறவை பாக்க வந்தோம்."

அவர் நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. கருவியோடு ஏரிக்கரையில் வந்து நிற்பவர்கள் அந்த ஊருக்கு இதுவரை கொண்டுவந்தது என்னவோ அதை வைத்துத்தானே அவர் கேட்பார். நில அளவையாக இருக்கலாம், ஆக்கிரமிப்பு நோட்டீஸாக இருக்கலாம். பைனாகுலர் பறவையை மட்டும் பார்க்கும் என்பது நமக்குத்தான் தெரியும். எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு அது தன்னைப் பார்க்கும் ஒன்று.

என் கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன்.

"ரெண்டு ரெண்டா தெரியுது."

கீலைக் கொஞ்சம் மடக்கச் சொன்னேன். அவரே திருகிச் சரிசெய்துகொண்டார்.

"ஆங். உள்ளான். இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றவர், கருவியை மெல்ல எதிர்க்கரைக்குத் திருப்பினார். சட்டென்று, "அடப்பாவி, செவல பயிருல எறங்கிடுச்சு!" என்று பைனாகுலரை என் கையில் திணித்துவிட்டு வரப்பில் ஓடினார்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அதற்கு ஒரு நிமிடம் முன்பு, அவர் கை நீட்டியபோது நடந்த இன்னொன்றும் மனதில் நின்றுவிட்டது. எங்களில் விலையுயர்ந்த கருவி வைத்திருந்த நண்பரின் கை, அவருக்கே தெரியாமல், அதன்மேல் போய் மூடிக்கொண்டது. அவர் கஞ்சர் இல்லை. அன்று எல்லோருக்கும் டிபன் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு லட்சம் அவருக்குள் ஒரு சின்னக் காவல்காரனை நிறுத்திவைத்திருந்தது. அவர் பறவையைப் பார்க்கும்போதும் அந்தக் காவல்காரன் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

இரண்டாவது கேள்விக்கு எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். முன்பின் தெரியாத ஒருவர் கை நீட்டினால் யோசிக்காமல் கழற்றிக் கொடுக்க முடிகிற விலை, நமக்குச் சரியான விலை. கீழே விழுந்து ஒரு குழாய் கோணிப்போனால், 'பரவால்ல விடுங்க' என்று வாய் சொல்லும்போது மனசும் கூடச் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அப்படியானால் பெரும்பணக்காரர் ஒருவர் இரண்டு லட்சக் கருவியைத் தயங்காமல் நீட்டுவாரே, அவருக்கு அதுதான் சரியான விலையா? ஆமாம். இந்த அளவுகோல் தொகையை அளப்பதில்லை, பயத்தை அளக்கிறது. மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் இளைஞருக்குப் பத்தாயிரம் ரூபாய்க் கருவியே காவல்காரனாகிவிடலாம். அவருக்கு நாலு பேர் சேர்ந்து வாங்கும் பொதுக் கருவி சரியாக இருக்கும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. உச்சவிலைக் கருவி ஒன்றின் பணத்தில் நல்ல 8×42 இருபது வரும். ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒரு வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் கைக்கு அது எட்டும். விலையுயர்ந்ததை வாங்குவது அந்தப் பிள்ளைகளிடமிருந்து திருடுவது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும் நேரத்தில் இந்த வகுத்தலையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஸ்ப்ரெட்ஷீட்டில் அதற்கும் ஒரு வரிசை இருக்கட்டும்.

கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதனால் வராத ஒன்று இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள், சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கேட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நத்தைக்குத்தி நாரையின் அலகில் இருக்கும் இடைவெளியை எட்டு மடங்கில் பார்த்து ரசித்தவர்கள் இல்லை அவர்கள். ஆனால் காப்பாற்றினார்கள். அக்கறை கண்ணாடி வழியாக வந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

அப்படியானால் எதற்குத்தான் வாங்குவது? பொரி உள்ளானின் வெள்ளைப் புருவக் கோட்டைப் பார்க்க. பொங்கலுக்கு நடக்கும் கணக்கெடுப்பில், தூரத்துத் திட்டில் நிற்பவை நூறா நூற்றிருபதா என்று எண்ண. ஒரே மாதிரி இருப்பதாக நினைத்த இருபது பழுப்புக் குருவிகள் நான்கு வகை என்று கண்டுபிடிக்கும்போது வரும் அந்தச் சின்ன அதிர்ச்சிக்காக. இவை போதுமான காரணங்கள். இவை எல்லாவற்றுக்கும் எட்டுக்கு நாற்பத்திரண்டு போதும்.

வாங்குவதற்கு முன் ஒரு காலை வேளை ஏதாவது பறவை நடைக்குப் போய், மற்றவர்களுடையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தூரத்து மின்கம்பியைப் பாருங்கள், ஒற்றைக் கோடாகத் தெரிகிறதா என்று. கண்வில்லையில் மிதக்கும் வெள்ளை வட்டம் முழு வட்டமாக இருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். ஐந்து நிமிடம் தொடர்ந்து பார்த்துவிட்டு நெற்றி கனக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கருவி உங்கள் கண்ணுக்கு ஒத்துவரும் என்று அதிலேயே தெரிந்துவிடும். நீங்கள் கேட்டதும் அவரவர் எப்படிக் கழற்றித் தருகிறார்கள் என்பதையும் பார்த்து வையுங்கள். அடுத்த சீசனில் உங்களிடமும் யாராவது கேட்பார்கள்.